மூன்றாண்டு மூக்கடைப்பும் ஒரு கடைவாய்ப் பல்லும்

கேள்வி: எனக்கு வயது 46. உசிலம்பட்டி அருகே அரசுப் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். மூன்று ஆண்டுகளாக இடது கன்னத்தில் மந்தமான வலி இருக்கிறது. இடது பக்க மூக்கு மட்டும் அடைத்துக்கொள்கிறது. சில நாட்களில் அழுகிய வாடை வருகிறது, ஆனால் அது எனக்கு மட்டுமே தெரிகிறது. குனிந்து கோலம் போட்டால் கன்னம் கனக்கிறது. காது மூக்கு தொண்டை மருத்துவர் சி.டி. ஸ்கேன் எடுத்து, சைனஸ் என்று மருந்து கொடுத்தார். ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டால் இரண்டு வாரம் நன்றாக இருக்கும்; பிறகு பழைய கதைதான். அதே பக்கம் மேல் கடைவாய்ப் பல்லில் ஏழு ஆண்டுகளுக்கு முன் ரூட் கேனல் செய்து கேப் போட்டிருக்கிறேன். கடித்தாலும் அந்தப் பல் வலிப்பதில்லை. பல் மருத்துவர் ஓ.பி.ஜி. என்னும் முழு வாய் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, பல்லில் ஒன்றும் இல்லை என்றார். நரம்பு மருத்துவர் நரம்பு வலிக்கான கார்பமசெபைன் மாத்திரை கொடுத்தார், பலன் இல்லை. எனக்குச் சர்க்கரை நோய் உண்டு. கடைசியாகப் பார்த்த எச்.பி.ஏ.1.சி., அதாவது மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு, 8.4. நான் எந்த நிபுணரிடம் போக வேண்டும்? சென்னைக்கோ வேலூருக்கோ போக வேண்டுமா? பேசாமல் பல்லைப் பிடுங்கிவிடலாமா? மேல் பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போய்விடும் என்கிறார் என் மாமியார். மே மாத விடுமுறை வரை இதைத் தள்ளிப்போடலாமா?

பதில்: மதிப்பிற்குரிய ஆசிரியைக்கு வணக்கம். நீங்கள் அடுத்ததாகப் பார்க்க வேண்டியவர் வேர் சிகிச்சை நிபுணர், அதாவது பல் சீரமைப்பு மற்றும் வேர்க்குழல் சிகிச்சைப் பிரிவில் எம்.டி.எஸ். பட்டம் பெற்ற பல் மருத்துவர். இதுவரை உங்களைப் பார்த்துவந்த காது மூக்கு தொண்டை மருத்துவரை விட்டுவிட்டு அவரிடம் போக வேண்டியதில்லை. இருவரும் ஒருவர் கண்டதை மற்றவருக்குத் தெரிவித்துக்கொள்ளும்படி நீங்கள் ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். அதற்குச் சென்னையோ வேலூரோ போகத் தேவையில்லை, மதுரையே போதும். வாயைத் திறந்து பார்க்காமல் கடிதத்தை மட்டும் படித்துவிட்டு நோய்க்குப் பெயர் சூட்டும் உரிமை எனக்கு இல்லை. ஆனாலும் நீங்கள் எழுதியிருப்பவை எல்லாம் ஒரே பல்லை நோக்கிக் கை காட்டுகின்றன என்பதால், அந்தப் பல்லை முறையாக விசாரித்து முடிக்கும்வரை வேறு எங்கும் அலைய வேண்டாம் என்று உறுதியாகச் சொல்வேன்.

ஏன் அந்தப் பல் மீது சந்தேகம் என்பதைச் சொல்கிறேன். மூக்கின் இரு பக்கமும், கன்னத்துக்குப் பின்னே, மேல்தாடை எலும்புக்குள் காற்று நிறைந்த ஒரு குழி இருக்கிறது. நாம் சைனஸ் என்று சொல்வதில் மிகப் பெரியது அதுதான். மேல் கடைவாய்ப் பற்களின் வேர் நுனிகள் அந்தக் குழியின் தரையை ஒட்டியே இருக்கின்றன. பலருக்கு இடையில் மெல்லிய எலும்புத் தகடு ஒன்றுதான் இருக்கும். சிலருக்கு அதுவும் இல்லாமல், குழியின் உள்தோல் நேராக வேர் நுனியின் மேலேயே படிந்திருக்கும். வேர் நுனியில் சீழ் கட்டினால் அது வழி தேடிக் கீழே ஈறுக்கும் வரலாம், மேலே சைனஸுக்கும் போகலாம். சாதாரணச் சளியால் வரும் சைனஸ் தொல்லை பெரும்பாலும் இரு பக்கமும் இருக்கும். ஒரு பக்கம் மட்டும் அடைப்பதும், நோயாளிக்கு மட்டுமே தெரியும் துர்வாடை இருப்பதும், அதே பக்கத்தில் பழைய ரூட் கேனல் செய்த பல் இருப்பதும் சேர்ந்து வந்தால், பல்லிலிருந்து தொற்று ஏறியிருக்கிறது என்றுதான் முதலில் நினைக்க வேண்டும். நாள்பட்ட கன்னச் சைனஸ் அழற்சியில் பல்லால் வருவது எவ்வளவு என்பதில் ஆய்வுகள் ஒன்றுபடவில்லை. 10 விழுக்காட்டில் தொடங்கி 40 விழுக்காடு வரை கணக்குகள் இருக்கின்றன. குறைந்த கணக்கையே எடுத்துக்கொண்டாலும் பத்தில் ஒருவர் என்பது அலட்சியப்படுத்தக் கூடிய எண் அன்று.

இதுவரை உங்களைப் பார்த்த மருத்துவர்கள் மீது வருத்தம் கொள்ள வேண்டாம். ஒவ்வொருவரும் தம் துறைக்குள் பார்க்க வேண்டியதைப் பார்த்திருக்கிறார்கள். இந்த நோய் இரண்டு துறைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருப்பதால்தான் இத்தனை நாள் யார் கையிலும் அகப்படவில்லை. பல்லில் வலி இல்லாததும் அதற்கு ஒரு காரணம். ரூட் கேனல் செய்த பல்லுக்குள் நரம்பு இருக்காது என்பதால் சூடோ குளிர்ச்சியோ அதற்குத் தெரியாது. சீழ் அடைபட்டால்தான் அழுத்தம் ஏறி, பல் தட்டினால் துடிக்கும்; உங்களுக்கோ, அநேகமாக, சீழ் மேலே சைனஸுக்குள் வடிந்துகொண்டே இருப்பதால் அழுத்தம் ஏற இடமில்லை. ஆகவே கடித்துப் பார்த்து ‘இந்தப் பல் வலிக்கவில்லையே’ என்று நீங்கள் சொன்னதும் உண்மை, அதைக் கேட்டு மருத்துவர் வேறு பக்கம் திரும்பியதும் இயல்பு.

ஓ.பி.ஜி. பற்றியும் சொல்ல வேண்டும். முகத்தைச் சுற்றி வந்து ஒரே படத்தில் முப்பத்திரண்டு பற்களையும் காட்டும் அந்த எக்ஸ்ரே, ஞானப் பல் எந்த வாக்கில் கிடக்கிறது, தாடை முறிந்திருக்கிறதா, மொத்தத்தில் வாய் எப்படி இருக்கிறது என்று பார்க்க மிக நல்லது. மேல் கடைவாய்ப் பல்லின் வேர் நுனியைத் தீர்மானிக்க அது போதாது. கன்ன எலும்பின் நிழலும் அண்ணத்தின் நிழலும் சைனஸின் தரையும் ஒன்றின் மேல் ஒன்றாக அங்கேதான் விழுகின்றன. மேலும், எலும்பில் உள்ள சுண்ணாம்புச் சத்து ஏறத்தாழ 30 முதல் 50 விழுக்காடு வரை கரைந்த பிறகுதான் சாதாரண எக்ஸ்ரேயில் கறுப்புப் புள்ளியாகத் தெரியும் என்பது எங்கள் துறையில் நெடுங்காலமாகச் சொல்லப்படுவது. வெளித்தகடு கெடாமல் உள்ளே பஞ்சு போன்ற எலும்புக்குள் மட்டும் நோய் இருந்தால் படம் சுத்தமாகவே இருக்கும். எனவே ‘ஓ.பி.ஜி.யில் ஒன்றும் இல்லை’ என்பதை ‘பல்லில் ஒன்றும் இல்லை’ என்று வாசித்துவிடக் கூடாது.

இனி, உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் முக்கியமாகப் பட்ட ஒரு வரிக்கு வருகிறேன். சைனஸுக்காக சி.டி. ஸ்கேன் எடுத்ததாக எழுதியிருக்கிறீர்கள். அதன் அறிக்கைத் தாளின் நகலை மட்டும் இணைத்திருக்கிறீர்கள். இடது கன்னச் சைனஸின் உள்தோல் தடித்திருக்கிறது, மூக்கின் நடுத் தண்டு சற்று வளைந்திருக்கிறது என்று அதில் இருக்கிறது. பற்களைப் பற்றி ஒரு சொல் கூட இல்லை. இது உங்கள் அறிக்கையில் மட்டும் காணும் குறை அன்று. சைனஸ் ஸ்கேன் அறிக்கைகளில் பற்களைக் குறிப்பிடாமல் விடுவது பரவலாக நடக்கிறது. கேட்டவர் மூக்கைப் பற்றிக் கேட்டார், எழுதியவர் மூக்கைப் பற்றி எழுதினார். ஆனால் கன்னச் சைனஸை முழுவதும் படம் பிடிக்கும் ஸ்கேனில் அதன் தரையும், தரைக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் மேல் பற்களின் வேர்களும் பெரும்பாலும் தானாகவே பதிவாகியிருக்கும். ஆகவே நீங்கள் மூன்றாண்டுகளாகத் தேடும் விடை உங்கள் வீட்டு அலமாரியில் ஒரு குறுந்தட்டில் இருக்க வாய்ப்புண்டு.

அந்தத் தட்டைத் தேடி எடுங்கள். அறிக்கைத் தாளும், ஒரு பக்கத்தில் சின்னச் சின்னக் கட்டங்களாக அச்சிட்ட பிலிமும் போதாது. தட்டில் உள்ள முழுப் பதிவு வேண்டும். தொலைந்திருந்தால் ஸ்கேன் எடுத்த இடத்தில் தேதியும் பெயரும் சொல்லிக் கேட்டுப் பாருங்கள், கணினியில் வைத்திருந்தால் மறுபடியும் பதிந்து கொடுப்பார்கள். வேர் சிகிச்சை நிபுணரிடம் அதைக் கொடுத்து, ‘இடது மேல் கடைவாய்ப் பல்லின் வேர் நுனியைப் பார்த்துச் சொல்லுங்கள்’ என்று கேளுங்கள். அவர் மூன்று விஷயங்களைத் தேடுவார். வேர் நுனியைச் சுற்றிக் கறுப்பு வளையம் இருக்கிறதா, அதற்கு நேர் மேலே சைனஸின் தரை மெலிந்தோ உடைந்தோ இருக்கிறதா, உள்தோல் தடித்திருப்பது அந்த இடத்தில்தான் அதிகமா என்பவையே அந்த மூன்று. மூன்றும் ஒத்துவந்தால் பாதி வேலை முடிந்தது.

அடுத்து, பெயர்ப் பலகை விஷயம். பி.டி.எஸ். என்பது பல் மருத்துவத்தின் அடிப்படைப் பட்டம். அதன் மேல் மூன்றாண்டு படிப்பது எம்.டி.எஸ். அந்த எம்.டி.எஸ்.ஸில் ஒன்பது பிரிவுகள் இருக்கின்றன. பலகையில் எம்.டி.எஸ். என்று இருப்பதைப் பார்த்தவுடன் பலர் உள்ளே போய்விடுகிறார்கள். உள்ளே இருக்கும் மருத்துவர் பற்களை வரிசைப்படுத்திக் கம்பி கட்டுபவராக இருக்கலாம், குழந்தைகளுக்கான பல் மருத்துவராக இருக்கலாம். அவரவர் வேலையில் அவர்கள் கெட்டிக்காரர்கள்தாம், உங்கள் வேலை அவர்களுடையது அன்று. முன்கூட்டியே தொலைபேசியில், எந்தப் பிரிவில் எம்.டி.எஸ். என்று கேட்டுவிடுவதில் தவறில்லை. உங்கள் நிலைக்குத் தேவைப்படக் கூடியவர்கள் நான்கு பிரிவினர். ரூட் கேனல் செய்த பல்லில் தொற்று இருக்கிறதா என்று கண்டுபிடித்து அதைத் திரும்பச் செய்பவர் வேர் சிகிச்சை நிபுணர். எந்தப் பல் என்றே தெரியாத வலிக்கும், பல் அல்லாத முக வலிக்கும், ஸ்கேன்களை நுட்பமாக வாசிப்பதற்கும் வாய் மருத்துவம் மற்றும் கதிரியக்கப் பிரிவு நிபுணர் இருக்கிறார். இப்படி ஒரு பிரிவு இருப்பதே நம் ஊரில் பலருக்குத் தெரியாது, அது பெரிய இழப்பு. ஈறும் அதைத் தாங்கும் எலும்பும் கெட்டிருந்தால் ஈறு நோய் நிபுணர். வாய், முகம், தாடை அறுவை சிகிச்சை நிபுணரிடம் கடைசியாகப் போங்கள். எதை அறுக்க வேண்டும் என்று தெரிந்த பிறகுதான் அவருக்கு வேலை.

வாய் மருத்துவ நிபுணரை விட்டுவிட்டு வேர் சிகிச்சை நிபுணரை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், உங்கள் விஷயத்தில் சந்தேகத்துக்குரிய பல் ஏற்கெனவே தெரிகிறது. அந்தப் பல் எதுவென்றே தெரியாமல் எழுதியிருந்தால் வரிசையை மாற்றியிருப்பேன்.

மதுரையில் இதற்கு இரண்டு வழிகள் உண்டு. பல் மருத்துவக் கல்லூரிக்குப் போவது ஒன்று. கீழ வெளி வீதியில் இருக்கும் சி.எஸ்.ஐ. பல் மருத்துவக் கல்லூரி போன்ற இடங்களில் பல துறைகள் ஒரே வளாகத்தில் இருக்கும். அங்கே முதலில் ஓ.பி. சீட்டுப் போட்டு, பொதுப் பரிசோதனை முடிந்து, துறைக்கு அனுப்புவதற்குள் பாதி நாள் போய்விடும். ஆனால் ஒருவர் சந்தேகப்பட்டால் அடுத்த அறையில் இருக்கும் இன்னொருவரிடம் உடனே காட்ட முடியும், செலவும் குறைவு. தனியார் மருத்துவமனை மற்றொன்று. அங்கே வேர் சிகிச்சை நிபுணர் நாள்தோறும் இருக்க மாட்டார். வாரத்தில் குறிப்பிட்ட நாளில் வந்து பார்த்துவிட்டுப் போவார். உசிலம்பட்டியிலேயே உங்கள் பல் மருத்துவரிடம் அப்படி ஒருவர் வரக்கூடும், கேட்டுப் பாருங்கள். அறுவை நுண்ணோக்கி அவரிடம் இருக்கிறதா என்பதையும் கேளுங்கள். உங்கள் பல்லுக்கு அது ஆடம்பரம் அன்று என்பதற்குக் காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். காது மூக்கு தொண்டைக்கு இப்போது பார்ப்பவரிடமே தொடரலாம். இல்லையென்றால் கோரிப்பாளையத்தில் அரசு இராசாசி மருத்துவமனை இருக்கிறது. ஆரப்பாளையம் பேருந்து நிலையத்தில் இறங்கினால் இரண்டு இடங்களுமே நகரப் பேருந்தில் போய்விடும் தூரம்தான்.

நாற்காலியில் உட்கார்ந்த பிறகு என்ன நடக்க வேண்டும் என்பதை நீங்கள் தெரிந்துவைத்திருப்பது நல்லது. நடக்காவிட்டால் மரியாதையாகக் கேட்கலாம். எக்ஸ்ரேக்கு முன் கை வேலை இருக்கிறது. கண்ணாடிக் கருவியின் பின் முனையால் அந்தப் பக்கத்துப் பற்களை ஒவ்வொன்றாக, மேலிருந்தும் பக்கவாட்டிலும் மெல்லத் தட்டுவார்கள். சந்தேகத்துக்குரிய பல்லில் தொடங்காமல் நல்ல பல்லில் தொடங்கித் தட்டினால்தான் வித்தியாசம் உங்களுக்கே புரியும். கடைவாய்ப் பல்லுக்கு முன்னும் பின்னும் இருக்கும் பற்களுக்குக் குளிர்ச் சோதனை செய்ய வேண்டும். பஞ்சு உருண்டையில் குளிர்விக்கும் மருந்தைத் தெளித்துப் பல்லில் வைப்பார்கள். உயிருள்ள பல் சுரீரென்று சொல்லி, பஞ்சை எடுத்த சில நொடிகளில் அடங்கிவிடும். எந்த உணர்வும் வராத பல் செத்திருக்கலாம். ரூட் கேனல் பல்லைக் குற்றவாளி என்று எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கும்போது, பக்கத்துப் பல் சத்தமில்லாமல் செத்துச் சீழ் வைத்திருப்பதும் உண்டு.

அளவுக் கோடு போட்ட மெல்லிய கருவியை ஈறுக்கும் பல்லுக்கும் இடையே விட்டுப் பல்லைச் சுற்றி அளப்பார்கள். ஆரோக்கியமான ஈறில் அது 3 மில்லிமீட்டருக்கு மேல் இறங்காது. சுற்றிலும் 3 இருக்க, ஒரே ஒரு புள்ளியில் மட்டும் குறுகலாக 8, 9 என்று இறங்கினால், வேர் நெடுக்கில் விரிசல் விட்டிருக்கிறது என்று சந்தேகிக்க வேண்டும். அப்படி விரிசல் விட்ட பல்லைக் காப்பாற்ற முடியாது என்பதால் இந்த ஓர் அளவு உங்கள் சிகிச்சையையே மாற்றிவிடும். ஈறில் எங்காவது கொப்புளம் மாதிரி இருந்தால் அதையும் விடக் கூடாது. வீட்டிலேயே கண்ணாடி முன் நின்று, மேல் உதட்டையும் கன்னத்தையும் விரலால் ஒதுக்கி, டார்ச் வெளிச்சத்தில் பாருங்கள். கடைவாய்ப் பல்லின் மேல் ஈறில் கடுகளவு பரு தெரிந்து, அழுத்தினால் வாயில் உப்புக் கரிக்கிறது என்றால், அது சீழ் வெளியேறும் வாய். மருத்துவர் அதற்குள் கட்டாபெர்ச்சா என்னும் இளஞ்சிவப்பு நிற மெல்லிய குச்சியை வலிக்காமல் நுழைத்து எக்ஸ்ரே எடுப்பார். குச்சி வளைந்து நெளிந்து எந்த வேரின் நுனியில் போய் நிற்கிறதோ அதுதான் ஊற்று. பல காலமாக யாரும் கண்டுபிடிக்காத பல்லைக் காட்டிக்கொடுக்க இதைப் போல எளிய, மலிவான சோதனை வேறில்லை.

இவற்றுக்குப் பிறகுதான் படங்கள். வாய்க்குள் வைத்து எடுக்கும் சிறு எக்ஸ்ரே இரண்டு கோணங்களில் வேண்டும். பழைய சி.டி. தட்டில் பல் தெளிவாக இல்லையென்றால் சி.பி.சி.டி. எனப்படும் பல்லுக்கான முப்பரிமாண ஸ்கேன் எடுக்கச் சொல்வார்கள். அதை முழுத் தாடைக்கும் எடுக்காமல், அந்த இரண்டு மூன்று பற்களை மட்டும் அடக்கிய சிறு பரப்பில் எடுத்தால் நுணுக்கம் கூடும், கதிர்வீச்சும் குறையும். கேப் உலோகமாக இருந்தால் அதைச் சுற்றிக் கோடுகள் விழுந்து படம் குழம்பக்கூடும். அப்போது கேப்பைக் கழற்றிவிட்டுப் பார்க்க நேரிடலாம். இந்த ஸ்கேனில் முக்கியமாகத் தேடுவது, முந்தைய ரூட் கேனலில் அடைக்காமல் விடுபட்ட வேர்க்குழல். மேல் முதல் கடைவாய்ப் பல்லுக்கு வழக்கமாக மூன்று வேர்கள். ஆனால் குழல்கள் பெரும்பாலும் நான்கு. முன்பக்க வேருக்குள் இரண்டாவதாக ஒரு குழல் முடியளவு மெல்லியதாக மறைந்திருக்கும். வெறும் கண்ணால் தேடினால் அது அகப்படாமல் போவது சகஜம். நுண்ணோக்கி இருக்கிறதா என்று கேட்கச் சொன்னது இதற்காகத்தான். ஏழாண்டுகளுக்கு முன் மூன்று குழல்களை நன்றாகவே அடைத்திருந்தாலும், நான்காவது குழலில் மிஞ்சிய கிருமி இத்தனை நாள் உயிரோடு இருக்க முடியும்.

சோதனைக்குப் போகும் நாளில் காலையிலிருந்து வலி மாத்திரை போடாமல் போவது நல்லது. மாத்திரை போட்டிருந்தால் தட்டும்போது வித்தியாசம் தெரியாது. ஆன்டிபயாட்டிக் பற்றிச் சற்று அழுத்தமாகவே சொல்கிறேன். இந்த நோய் மூன்றாண்டு மறைந்திருக்க முடிந்ததற்குப் பெரிய காரணம் அந்த மாத்திரைகள்தாம் என்பது என் கருத்து. மருந்து இரத்தத்தின் வழியாகத்தான் போக வேண்டும். செத்த பல்லின் குழலுக்குள் இரத்த ஓட்டமே இல்லை. ஆகவே மருந்து சைனஸில் உள்ள சீழைக் குறைக்கிறது, உங்களுக்கு இரண்டு வாரம் இதமாக இருக்கிறது, ஊற்றுக்கண் அப்படியே இருப்பதால் மறுபடியும் நிறைகிறது. இரண்டு வார நிம்மதியும் பிறகு திரும்பி வருவதும் மாறி மாறி நடப்பதே நோயின் ஓர் அடையாளம். இனி மருந்துக் கடையில் பழைய சீட்டைக் காட்டி வாங்கிச் சாப்பிட வேண்டாம். காய்ச்சலோ முக வீக்கமோ வந்து மருத்துவர் எழுதிக் கொடுத்தால் அது வேறு விஷயம், அப்போது தயங்காமல் சாப்பிட வேண்டும்.

சர்க்கரையை இதிலிருந்து பிரித்துப் பார்க்க முடியாது. எச்.பி.ஏ.1.சி. 8.4 என்பது தொற்று ஆறுவதைத் தாமதப்படுத்தும் அளவு. தீராத தொற்றும் தன் பங்குக்குச் சர்க்கரையை ஏற்றிவிடும். அதற்காக ‘சர்க்கரை குறைந்த பிறகு வாருங்கள்’ என்று யாராவது சொல்லி உங்களைத் திருப்பி அனுப்பினால், நோயைக் கண்டுபிடிப்பதற்குச் சர்க்கரை குறையக் காத்திருக்கத் தேவையில்லை என்று சொல்லுங்கள். அறுவை சிகிச்சை என்று வந்தால்தான் அந்த எண் பொருட்டு. சர்க்கரைக்குப் பார்க்கும் மருத்துவரிடம் இப்படி ஒரு தொற்றைத் தேடிக்கொண்டிருக்கிறோம் என்று இப்போதே தெரிவித்துவிடுங்கள்.

பல்லைப் பிடுங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். எந்தப் பல் என்று நிரூபிக்காமல் பிடுங்கக் கூடாது. வலி தாங்காமல் ஒரு பல், அது போகவில்லை என்று அடுத்த பல், பிறகு அதற்கும் அடுத்தது என்று வரிசையாக எடுத்துவிட்டு, வலியை மட்டும் அப்படியே வைத்திருப்பவர்களை இந்தத் தொழிலில் இருக்கும் எல்லாரும் பார்த்திருக்கிறோம். விடுபட்ட குழல்தான் காரணம் என்று தெரிந்தால், கேப்பைக் கழற்றி, பழைய அடைப்பை எடுத்து, நான்காவது குழலையும் கண்டுபிடித்துச் சுத்தம் செய்து, இடையில் ஒன்றிரண்டு வாரம் மருந்து வைத்து மூடி, பிறகு திரும்ப அடைப்பார்கள். அப்படியும் ஆறாவிட்டால் ஈறைத் திறந்து வேர் நுனியை மட்டும் வெட்டி அடைக்கும் அறுவை இருக்கிறது. சைனஸ் ஒட்டியிருப்பதால் அதில் அனுபவமுள்ளவர் கை வேண்டும். வேரில் விரிசல் இருந்தால் மட்டும் பிடுங்குவதே சரி. அப்போது பல் இருந்த இடத்தில் வாய்க்கும் சைனஸுக்கும் ஓட்டை விழ வாய்ப்புண்டு என்பதால், பிடுங்குபவரிடம் ஸ்கேனைக் காட்டியே ஆக வேண்டும். பிறகு சில வாரங்கள் மூக்கைப் பலமாகச் சிந்தவும் தும்மலை அடக்கவும் கூடாது. உங்கள் மாமியாரின் பயத்துக்கு ஆதாரம் இல்லை. கண்ணுக்குப் பார்வை தரும் நரம்புக்கும் மேல் பல்லுக்கும் தொடர்பு கிடையாது. பல்லைப் பிடுங்கும் வயதும் கண் மங்கும் வயதும் ஒன்றாக வருவதால் கிராமத்தில் இப்படி ஒரு பேச்சு நிலைத்துவிட்டது. உண்மையில் மேல் பல்லின் தொற்றைப் பல காலம் ஆறாமல் விட்டுவைத்தால்தான், அரிதாக, அது கண்குழி வரை பரவும்.

மூக்குத் துளை வழியே கருவி விட்டுச் சைனஸைச் சுத்தம் செய்யும் அறுவையை இப்போதே செய்துவிடலாம் என்று யாராவது சொன்னால், பல்லைப் பற்றி முடிவு செய்த பிறகு பார்க்கலாம் என்று சொல்லிவையுங்கள். பல்லைச் சரிசெய்தவுடன் சைனஸ் தானாக ஆறிவிடுபவர்கள் இருக்கிறார்கள். அறுவையும் சேர்ந்து தேவைப்படுபவர்களும் இருக்கிறார்கள். பல்லைத் தொடாமல் சைனஸை மட்டும் சுத்தம் செய்தால் திரும்பி வருவதற்கு வாய்ப்பு அதிகம். முன்பு வைத்த வேர் அடைப்பு மருந்து நுனியைத் தாண்டிச் சைனஸுக்குள் போயிருந்தால், அதைச் சுற்றிப் பூஞ்சைக் கட்டி வளர்ந்திருக்கவும் கூடும். அதை மாத்திரையால் கரைக்க முடியாது, எடுத்துத்தான் ஆக வேண்டும். எந்த வேலை முதலில் என்பதை இரண்டு மருத்துவர்களும் ஒரே ஸ்கேனைப் பார்த்துப் பேசி முடிவு செய்யட்டும். நேரில் பேச வைப்பது கடினம் என்பது எனக்குத் தெரியும். ஒருவரிடமிருந்து மற்றவருக்கு நான்கு வரிக் கடிதம் வாங்கிக்கொண்டு போனால் கூடப் போதும்.

ஒருவேளை எல்லாச் சோதனையும் முடிந்து பல் சுத்தம் என்று தெரிந்தால், அதுவும் ஒரு விடைதான். அப்போது வாய் மருத்துவ நிபுணரிடம் போங்கள். பல்லே காரணமாக இல்லாமல் பல்லில் தெரியும் வலிகள் உண்டு. முக நரம்பு வலி என்றால், மின்சாரம் பாய்ந்தது போல நொடிகளில் வந்து போகும். முகம் கழுவினாலோ பல் துலக்கினாலோ தூண்டப்படும். உங்களுடையது நாள் முழுவதும் மந்தமாக இருப்பது என்பதால் அது பொருந்தவில்லை. ஆனாலும் கார்பமசெபைனை நீங்களாக ஒரே நாளில் நிறுத்த வேண்டாம். எழுதிக் கொடுத்தவரிடம் கேட்டுப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். கன்னம் மரத்துப் போவது, அந்தப் பக்க மூக்கில் இரத்தம் வருவது, காரணமில்லாமல் மேல் பற்கள் ஆடத் தொடங்குவது, அண்ணத்தில் கறுப்புத் திட்டு ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் நாள் பார்க்காமல் போக வேண்டும். சைனஸில் கட்டி, அல்லது சர்க்கரை உள்ளவர்களைத் தாக்கும் கறுப்புப் பூஞ்சை ஆகியவற்றின் அறிகுறிகள் இவை. 2021இல் அந்தப் பூஞ்சை எத்தனை பேரின் மேல்தாடையைக் கொண்டுபோனது என்பதை மதுரை மறந்திருக்காது. முகம் வீங்கிக் கண் மூடிக்கொள்வது, பார்வை இரண்டாகத் தெரிவது, கடும் காய்ச்சலோடு தலைவலி, வாய் திறக்கவோ எச்சில் விழுங்கவோ மூச்சு விடவோ சிரமம் என்று ஏதாவது நேர்ந்தால், பல் மருத்துவரைத் தேடாமல் நேராகப் பெரியாஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

மே மாதம் வரை தள்ளிப்போடுவது பற்றிக் கேட்டிருந்தீர்கள். கண்டுபிடிக்கும் வேலையைத் தள்ள வேண்டாம். அதற்கு ஒரு சனிக்கிழமை போதும், ஸ்கேன் எடுக்க வேண்டியிருந்தால் இன்னொன்று. திரும்பச் செய்யும் ரூட் கேனல் என்றால் இடைவெளி விட்டு இரண்டு மூன்று முறை வர வேண்டியிருக்கும், பள்ளி வேலையைக் கெடுக்காது. அறுவை என்று முடிவானால், வேறு அபாய அறிகுறி எதுவும் இல்லாதவரை, சர்க்கரையைக் குறைத்துக்கொள்ளக் கிடைத்த அவகாசமாக வைத்து விடுமுறைக்குத் தள்ளலாம். வாடையும் அடைப்பும் முதலில் விலகும். வேர் நுனியில் கரைந்த எலும்பு நிரம்ப ஆறு மாதமோ ஓராண்டோ ஆகும், சிலருக்கு நான்கு ஆண்டுகள் வரை ஆண்டுக்கொரு எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கும். போகும்போது பழைய சீட்டுகளைத் தேதி வாரியாக அடுக்கி, எந்த மாதம் எந்த மாத்திரை சாப்பிட்டீர்கள், எத்தனை நாள் நன்றாக இருந்தது என்பதை ஒரே தாளில் எழுதி எல்லாவற்றுக்கும் மேலே வையுங்கள். ரூட் கேனல் செய்தவரிடம் அப்போதைய எக்ஸ்ரே இருந்தால் அதையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஏழாண்டுகளுக்கு முந்தைய படத்தையும் இன்றைய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் வாய்ப்பு இதுவரை உங்களைப் பார்த்த எவருக்கும் கிடைக்கவில்லை.